சென்னையில் இருப்பதா, ஊருக்குப் போவதா? ஒரே காம்பவுண்டில் ஆளுக்கொரு பயம்

வண்ணைப் பூங்கொடி
16 ஜூன் 2020, இரவு 10.40

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு ஸ்டோர் வீட்டில் இருக்கிறோம். ஆறு குடித்தனம், ஒரே அடிபம்பு, பின்பக்கம் பொதுவாக இரண்டு கழிவறை. கொரோனாவுக்காக வெள்ளிக்கிழமையிலிருந்து 30ஆம் தேதி வரை மறுபடியும் முழு ஊரடங்கு என்று நேற்று அறிவித்ததிலிருந்து தெருவில் பாதிப் பேர் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதிர் வீட்டுக்காரர் மனைவி, குழந்தையோடு டூவீலரிலேயே கிளம்பிவிட்டார். இ-பாஸ் என்ற பயண அனுமதி கிடையாது. பரனூர் சுங்கச்சாவடியில் மடக்குவார்கள் என்று திருப்போரூர் பக்கமாகச் சுற்றிப் போனதாகக் கேள்வி.

எனக்குச் சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம். அம்மா அங்கே தனியாக இருக்கிறார். பையனுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்வும் ரத்தாகிவிட்டது, இங்கே இருந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. போன வாரம் வரைக்கும் "வந்துடுங்க, வந்துடுங்க" என்று சொன்ன அம்மா நேற்று போனில் குரலைத் தாழ்த்தி, "இப்ப வராதம்மா. மெட்ராஸ்லேர்ந்து வந்தவங்க வீட்டுப் பக்கம் யாரும் போறதில்ல. பால்காரர்கூட நின்னுட்டாரு" என்றார். பெற்ற ஊர் என்னை வராதே என்கிறது. தூக்கம் வரவில்லை.

இங்கே நிலைமை இதுதான். முதல் வீட்டு அக்கா பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார், காய்கறியை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு மாடியில் காய வைக்கிறார். கடைசி வீட்டு அண்ணன் மூட்டை தூக்குகிற வேலை. "ஏரோப்ளேன்ல வர்றவங்களுக்கு வர்ற வியாதி நமக்கு எதுக்கு வரப்போகுது" என்று மாஸ்க்கைத் தாடையில் மாட்டிக்கொண்டு போகிறார். இன்று காலை பம்பில் அந்த அண்ணி தண்ணீர் அடித்து முடித்ததும் அக்கா போய்க் கைப்பிடியில் பிளீச்சிங் தண்ணீரை ஊற்றினார். அண்ணி குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "ஏன், நாங்க தொட்டா தீட்டா?" என்று கேட்டார். அதன் பிறகு அங்கே யாரும் யாரோடும் பேசவில்லை.

எது உண்மை என்றே தெரியவில்லை. யார் சொல்வதைக் கேட்பது? ஊருக்குப் போகலாமா? அதைவிட, இப்படி ஆளுக்கொரு மனநிலையில் இருப்பவர்களோடு ஒரே பம்பில் எப்படித் தண்ணீர் எடுப்பது?

---

ஆட்டோ செல்வம்
16 ஜூன், இரவு 11.55

தங்கச்சி, நான் வியாசர்பாடி. ஊருக்குப் போற விஷயம் எனக்குத் தெரியாது, எனக்கு இதுதான் ஊர். ஆனா அந்தக் கடைசி வீட்டு அண்ணனைப் பத்தி ஒண்ணு சொல்லணும்.

அவருக்கு நோய் மேல நம்பிக்கை இல்லைனு நினைக்காதீங்க. நம்பினா அவரால காலையில வீட்டை விட்டு இறங்க முடியாது. என் கதையும் அதேதான். மார்ச் 25ல நின்ன வண்டி, சென்னையில ஜூன் 1ல தான் எடுக்க விட்டாங்க. ரெண்டு பேருக்கு மேல ஏத்தக் கூடாது. பெட்ரோல் காசு கழிஞ்சு கையில கொஞ்சம் நிக்கறதுக்குள்ள திரும்ப 19ல நிறுத்தணும். ரேஷன் கார்டுக்கு ஆயிரம் ரூபாய் தர்றாங்க, நல்லதுதான், வேண்டாம்னு சொல்லல. வாடகை அதைவிட நாலு மடங்கு. தவணையை ஆகஸ்ட் வரைக்கும் தள்ளிக்கலாம்னு ரிசர்வ் பேங்க் சொல்லியாச்சு, ஆனா பைனான்ஸ்காரங்க போன் நிக்கல.

ராத்திரி படுத்தா எனக்கும் பயம்தான். காலையில அதை வீட்டுலயே வெச்சிட்டுத்தான் கிளம்பணும். வாய்விட்டு "ஒண்ணும் இல்ல"னு சொல்றவன் எல்லாம் ஒண்ணும் இல்லைனு நினைக்கிறவன் கிடையாது.

---

ஒரத்தநாடு வார்டு
17 ஜூன், காலை 7.20

பூங்கொடி அக்கா, நான் ஒரத்தநாடு பக்கம் ஒரு ஊராட்சியில் வார்டு உறுப்பினர். உங்கள் அம்மா சொன்னது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். ஊர் ஏன் இப்படி ஆனது என்று ஊரிலிருந்தே ஒருவன் சொல்வதையும் கேளுங்கள்.

மே மாதம் கோயம்பேட்டிலிருந்து திரும்பியவர்கள் வழியாகத்தான் கடலூர், விழுப்புரம், அரியலூரில் ஒரே வாரத்தில் எண்ணிக்கை ஏறியது. அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஏப்ரல் 26லிருந்து நாலு நாள் முழு அடைப்பு என்று அறிவித்ததும் 25ஆம் தேதி சந்தையில் அவ்வளவு கூட்டம் சேர்ந்தது, அதில் நின்று வேலை பார்த்தவர்கள் அவர்கள். சந்தையை மே 5இல் மூடிய பிறகு வேலையில்லாமல் லாரியில் ஏறி ஊர் வந்தார்கள். ஆனால் ஊரார் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: சென்னையிலிருந்து ஆள் வந்தது, நோய் வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம்தான் உண்டு. மூச்சு முட்டினால் தஞ்சாவூர் மெடிக்கலுக்குத்தான் ஓட வேண்டும். ஊரில் பாதிப் பேர் அறுபது தாண்டியவர்கள், பிள்ளைகள் எல்லாம் வெளியூரில்.

இங்கேயும் முள் வெட்டிப் போட்டு ரோட்டை அடைத்தார்கள். நாங்கள் சிலர் போய்ப் பேசி எடுக்க வைத்தோம். பிரசவத்துக்கு 108 வண்டி வந்தால் எந்த வழியாக வரும் என்று கேட்டதும் அடங்கினார்கள். இப்போது நடப்பது இது: வருகிறவர் முன்கூட்டியே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிட வேண்டும். தொடக்கப்பள்ளியில் 14 நாள். சாப்பாடு வீட்டிலிருந்து வரும், இல்லாதவர்களுக்கு ஊராட்சி பார்த்துக்கொள்ளும். இதைச் செய்தவர்களை யாரும் ஒதுக்கவில்லை. இரவோடு இரவாகப் பின்கட்டு வழியாக வந்து வீட்டுக்குள் ஒளிந்துகொண்டவர்கள்மேல்தான் கோபம்.

இ-பாஸ் கல்யாணம், சாவு, வைத்தியம் இந்த மூன்றுக்குத்தான் தருகிறார்கள். உங்களுக்குக் கிடைக்காது என்றுதான் நினைக்கிறேன். பொய்க் காரணம் போட்டு வாங்கிக்கொண்டு வராதீர்கள், அது அம்மாவின் தலையில்தான் விடியும்.

---

கணக்கு வாத்தியார்
17 ஜூன், பிற்பகல் 3.05

யார் சொல்வதைக் கேட்பது என்று கேட்டீர்கள் அம்மா. நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியன், வைத்தியம் தெரியாது. ஆனால் பேப்பரை வரி விடாமல் படிக்கிறவன்.

இந்த மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனாவுக்குக் கொடுத்த மலேரியா மாத்திரை ஆபத்து என்று லான்செட் மருத்துவ இதழில் வந்த கட்டுரையை, தரவு சரிபார்க்க முடியாதது என்று ஜூன் 4ஆம் தேதி திரும்பப் பெற்றார்கள். ஆரோக்கியமானவர்களுக்கு முகக்கவசம் தேவையில்லை என்று அதுவரை சொல்லிவந்த உலக சுகாதார நிறுவனம் 5ஆம் தேதி, பரவல் உள்ள இடங்களில் பொதுமக்களும் துணிக்கவசம் போடலாம் என்று மாற்றியது. அறிகுறி இல்லாதவர்களிடமிருந்து பரவுவது மிக அரிது என்று அதே நிறுவனத்தின் அதிகாரி 8ஆம் தேதி சொன்னார், மறுநாளே விளக்கம் கொடுத்தார். நேற்று ஆக்ஸ்போர்டிலிருந்து, டெக்சாமெத்தசோன் என்ற பழைய மலிவான மருந்து வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று செய்தி.

இதைப் பார்த்து, "இவர்களுக்கே தெரியாது, நாம் ஏன் கேட்க வேண்டும்" என்று என் தம்பி சொல்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்தக் கிருமியை உலகம் பார்த்தே ஆறு மாதம்தான் ஆகிறது. தவறாக வந்த விடையை ஊரறிய அடித்துவிட்டுத் திரும்பப் போடுகிறவர்களை நான் நம்புவேன். முதல் நாள் சொன்னதையே கடைசி வரை மாற்றாமல் வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொண்டிருப்பவர்களைத்தான் நம்பப் பயமாக இருக்கிறது.

நான் பழகிக்கொண்ட முறை ஒன்று உண்டு. ஒரு யோசனை தவறாகப் போனால் எனக்கு என்ன நஷ்டம் என்று பார்ப்பேன். மாஸ்க் பயனில்லை என்று நாளைக்குத் தெரிந்தால் எனக்கு முப்பது ரூபாய் நஷ்டம். பயன் உண்டு என்று தெரிந்து, நான் போடாமல் இருந்திருந்தால் நஷ்டம் வேறு. கபசுரக் குடிநீர் மாநகராட்சி தருகிறது, குடிக்கிறேன், ஆனால் குடித்துவிட்டேன் என்ற தைரியத்தில் கூட்டத்துக்குள் போவதில்லை. செய்திச் சேனலைப் பகல் முழுக்க ஓடவிடுவதை நிறுத்திவிட்டேன். மாலையில் சுகாதாரத் துறை அறிக்கை, அவ்வளவுதான். என் மனைவிக்குப் படபடப்பு குறைந்தது அதிலிருந்துதான்.

---

கடல்தாண்டி
18 ஜூன், இரவு 9.30

நான் சிங்கப்பூரில் கட்டுமான வேலை, சொந்த ஊர் அறந்தாங்கிப் பக்கம். ஏப்ரல் 5ஆம் தேதி புங்கோல் எஸ்11 விடுதியை அடைத்தார்கள், கொஞ்ச நாளில் எங்கள் விடுதியையும். ஜூன் 2இல் நாட்டுக்காரர்களுக்குக் கட்டுப்பாடு தளர ஆரம்பித்துவிட்டது, நாங்கள் இன்னும் உள்ளேதான். ஒரே அறையில் 12 பேர், இரட்டை அடுக்குக் கட்டில். விலகி இரு என்றால் எங்கே விலக?

பூங்கொடி அக்கா சொல்கிற ஆறு குடித்தனம் மாதிரி எங்கள் அறையிலும் எல்லா வகை ஆளும் உண்டு. ஒருத்தர் நாள் முழுக்க ஜெபம். ஒருத்தர் வேட்டியை மூக்குவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு யாரிடமும் பேசாமல் இருப்பார். இரண்டு பேர் "வந்தா வரட்டும்" கட்சி. ஆரம்பத்தில் காய்ச்சல் வந்தால் மறைத்தோம். காரணம் நோய் பயம் இல்லை. ராத்திரி பஸ்ஸில் ஏற்றி எங்கேயோ கொண்டுபோகிறார்கள், எங்கே என்று தெரியாது, அதுதான்.

எங்கள் அறையில் முதலில் போனவர் எக்ஸ்போ மண்டபத்திலிருந்து வீடியோ கால் போட்டார். போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். வரிசையாகக் கட்டில், நடுவில் தடுப்பு, சாப்பாட்டுப் பொட்டலம், போன் சார்ஜ் போட வசதி, கழிவறை. "தூங்க நல்லா இருக்குடா, குறட்டைச் சத்தம்தான் அதிகம்" என்றார். அதற்கு அடுத்த நாளே எங்கள் அறையில் இன்னொருத்தர், தனக்கு இரண்டு நாளாகத் தொண்டை வலி என்று வாயைத் திறந்தார். அவர் அதுவரைக்கும் எங்களோடுதான் தட்டுப் பக்கத்தில் தட்டு வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சென்னையில் எங்கே கொண்டுபோகிறார்கள், உள்ளே எப்படி இருக்கிறது என்று தெருவுக்கு யாராவது காட்டியிருக்கிறார்களா?

---

மதுரைச் செவிலி
20 ஜூன், காலை 5.50

இரவுப் பணி முடித்து உட்கார்ந்திருக்கிறேன். கடல்தாண்டித் தம்பி கேட்டதைப் படித்ததும் பதில் எழுதாமல் படுக்க மனம் வரவில்லை.

வார்டில் எங்களைக் கலங்கடிப்பது தாமதமாக வருகிறவர்கள்தான். இந்த நோயில் மூச்சுத் திணறுவதே தெரியாமல் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. ஒருவர் நடந்து வந்தார், பெயர், ஊர் எல்லாம் தெளிவாகச் சொன்னார், விரலில் கருவியை மாட்டினால் 78. "நாலு நாளா லேசா அசதி, அவ்வளவுதான் சிஸ்டர்" என்கிறார். ஏன் முதலிலேயே வரவில்லை என்று அவருடைய மகளிடம் கேட்டேன். "வாசலை அடைச்சுத் தகரம் அடிச்சிடுவாங்க, தங்கச்சிக்கு ஆவணியில கல்யாணம்" என்றாள். அந்தப் பெண்ணிடம் நான் என்ன சொல்ல முடியும்? தெரு என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

நம் ஊரில் டாக்டர் சைமன் ஹெர்குலிஸுக்கே இது நடந்தது. சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர், ஏப்ரல் 19இல் கொரோனாவில் இறந்தார். கீழ்ப்பாக்கம் கல்லறையில் அடக்கம் செய்ய விடாமல் தடுத்தார்கள், வேலங்காட்டில் ஆம்புலன்ஸ்மேல் கல் எறிந்தார்கள். இன்னொரு டாக்டர்தான் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். அடக்கத்தைத் தடுத்தால் சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாயிற்று. மார்ச் 22ஆம் தேதி சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்களுக்காகக் கைதட்டியதும் இதே மக்கள்தான். என் வீட்டு உரிமையாளரும் அன்று தட்டினார், ஏப்ரலில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார். இப்போது விடுதியில் இருக்கிறேன், மகள் என் அம்மாவிடம்.

அவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. பயம்தான். ஆனால் அந்தப் பயம் அடுத்தவரை ஒளியவைக்கிறது, ஒளிந்தவரிடமிருந்துதான் நோய் பரவுகிறது. பூங்கொடி, உங்கள் காம்பவுண்டில் செய்ய வேண்டிய முதல் வேலை, காய்ச்சல் என்றால் கூச்சமில்லாமல் வந்து சொல்ல ஒரு வீடாவது இருக்க வேண்டும். அது உங்கள் வீடாக இருக்கட்டும்.

---

நேர்ப்பேச்சு
21 ஜூன், காலை 11.15

எல்லாரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள். மறுபக்கமும் இருக்கட்டும்.

என் அத்தைக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ். ஏப்ரலில் வண்டி கிடையாது. வழக்கமாகப் போகிற தனியார் மருத்துவமனை கொரோனா பரிசோதனை முடிவு இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றது. முடிவு வர இரண்டு நாள். இரண்டு தடவை தள்ளிப்போனது. மே முதல் வாரம் போய்ச் சேர்ந்தார். அவருக்குக் கொரோனா இல்லை. அவர் சாவு எந்த மாலை அறிக்கையிலும் வராது. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்றதால் எட்டூர் சொந்தத்தில் பாதிப் பேர் முகம் பார்க்கவில்லை.

நோய் வந்தவர்களில் பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்கிறார்கள். அதற்காக ஊரையே பூட்டி, வேறு நோய்க்காரர்களை வாசலில் நிற்கவைத்து, கூலிக்காரன் வயிற்றில் அடிப்பது சரி என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள். முதல் வீட்டு அக்காவின் பயத்துக்குக் கொடுக்கிற மரியாதையை என் கோபத்துக்கும் கொடுங்கள்.

---

கணக்கு வாத்தியார்
21 ஜூன், மாலை 6.40

ஐயா, உங்கள் அத்தையின் சாவையும் இந்த நோயின் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். உங்கள் கோபம் நியாயம். பெரும்பாலோர் பிழைக்கிறார்கள் என்பதும் சரிதான். என் கவலை வேறு இடத்தில். ராயபுரம் மண்டலத்தில் மாதிரி ஒரே நேரத்தில் பல பேருக்கு வந்தால் படுக்கை எல்லாம் நிரம்பும். அப்போது டயாலிசிஸ் வேண்டியவருக்கும் பிரசவத்துக்கு வந்தவருக்கும்தான் முதலில் இடமில்லாமல் போகும். இந்த மாதம் 10ஆம் தேதி ஒரு சட்டமன்ற உறுப்பினரே, ஜெ. அன்பழகன், தனியார் மருத்துவமனையில் எல்லா வசதியும் இருந்தும் இறந்துபோனார்.

பூட்டுவது சரியா என்பதில் உங்களோடு எனக்கு முழு உடன்பாடு வராது, வர வேண்டியதும் இல்லை. ஒருவேளை நாம் இருவரும் ஒரே பம்பில் தண்ணீர் எடுத்தால் என்ன செய்வோம் என்று மட்டும் யோசித்துப் பார்க்கிறேன்.

---

நேர்ப்பேச்சு
21 ஜூன், இரவு 8.10

கை கழுவிவிட்டு எடுப்பேன் சார். அதில் எனக்கு என்ன கஷ்டம். என்னைப் பார்த்ததும் ஓடாமல் இருந்தால் போதும்.

---

வண்ணைப் பூங்கொடி
26 ஜூன், இரவு 10.15

ஊருக்குப் போகவில்லை. அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன், குரலில் நிம்மதி தெரிந்தது. அதைக் கேட்டு வருத்தமும் வந்தது, என்ன செய்ய.

ஞாயிறு இரவு கடைசி வீட்டு அண்ணி வந்து கதவைத் தட்டினார். காய்ச்சல் மாத்திரை ஒரு அட்டை இருக்குமா என்று கேட்டார். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வாசற்படிக்குக் கீழேயே நின்றார். யாருக்கு என்றேன். பதில் வரவில்லை, அழுகை வந்தது. அண்ணனுக்கு வெள்ளிக்கிழமையிலிருந்து அனல். தினமும் வீட்டுக்கு வந்து காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்கிற மாநகராட்சிப் பெண்ணிடம் இல்லை என்று சொல்லியிருக்கிறார். "சொன்னா மொதல்ல மூணாவது வீட்ல காலி பண்ணச் சொல்வாங்கக்கா."

மறுநாள் காலையில் அவரோடு நானும் என் வீட்டுக்காரரும் மாநகராட்சிப் பள்ளியில் நடக்கும் காய்ச்சல் முகாமுக்குப் போனோம். சளி மாதிரி எடுத்தார்கள். புதன்கிழமை பாசிட்டிவ் என்று வந்தது. தனி அறை, தனிக் கழிவறை இருந்தால் வீட்டிலேயே இருக்கலாமாம், எங்கள் ஸ்டோரில் அதற்கு வழியில்லை. நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு அழைத்துப் போனார்கள். கடல்தாண்டித் தம்பி சொன்னதை அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். போன அன்று ராத்திரியே வீடியோ காலில் மண்டபம் முழுக்கக் காட்டினார். முதல் வீட்டு அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். "என்ன சாப்பாடு போட்டாங்க?" என்று கேட்டது அவர்தான். அண்ணன் பதில் சொன்னார்.

தகரம் அடிக்க வந்தார்கள். அதை அடித்தால் ஆறு குடும்பத்துக்கும் கழிவறைக்கு வழியில்லை என்று எல்லாரும் சேர்ந்து பேசியதில் வெளி வாசலில் நோட்டீஸ் மட்டும் ஒட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் எல்லாருக்கும் 14 நாள் தனிமை. மளிகை, மருந்து தன்னார்வலர் தம்பி ஒருவர் வாங்கித் தருகிறார்.

பம்பு விஷயம்: சோப்பை வலைப்பையில் போட்டுப் பம்பிலேயே கட்டிவிட்டோம். பிளீச்சிங் தண்ணீர் ஒரு வாளியில் எப்போதும் இருக்கும். யார் அடித்தாலும் அடித்தவரே கடைசியில் கைப்பிடியில் ஒரு குவளை ஊற்றிவிட்டுப் போக வேண்டும், முதல் வீட்டு அக்கா உட்பட. அடுத்தவர் தொட்ட இடத்தில் இன்னொருவர் ஊற்றக் கூடாது. அண்ணி இன்று ஊற்றிவிட்டு எங்களைப் பார்த்துத் தலையாட்டினார்.

---

ஆட்டோ செல்வம்
27 ஜூன், காலை 8.00

நல்ல காரியம் பண்ணீங்க தங்கச்சி. அந்த வீட்டுக்கு அரிசி, பருப்பு இருக்கானு பாத்துக்கங்க, மூட்டை தூக்கறவருக்கு நாள் கூலிதான்.

எனக்கு இந்த வாரம் வேற பயம். கடையை நேரம் தாண்டித் திறந்து வெச்சிருந்தாங்கனு சாத்தான்குளத்துல 19ந் தேதி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன அப்பாவும் மகனும் உயிரோட திரும்பல. மருந்து வாங்க ரோட்டைத் தாண்டவே இப்ப யோசிக்கிறேன். நோயைப் பத்தி பேசறப்ப இதையும் பேசணும். லத்திக்குப் பயந்து வீட்ல கிடக்கறவன் காய்ச்சலைச் சொல்ல எங்க போவான்?

---

வண்ணைப் பூங்கொடி
30 ஜூன், பிற்பகல் 1.20

ஊரடங்கை 5ஆம் தேதி வரை நீட்டித்துவிட்டார்கள். செல்வம் அண்ணே, அரிசி கொடுத்தாயிற்று. முதல் வீட்டிலிருந்து எண்ணெய்.

செவிலி அக்காவிடம் ஒரு கேள்வி. அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டு நாலைந்து நாளாகிறது, சீக்கிரம் அனுப்பிவிடுவோம் என்கிறார்களாம். மூன்றாவது வீட்டுக்காரர், நெகட்டிவ் என்று சீட்டு காட்டாமல் உள்ளே வரக் கூடாது என்கிறார். அங்கே மறுபடி பரிசோதனை எடுக்க மாட்டோம் என்கிறார்களாம். எது சரி?

---

மதுரைச் செவிலி
30 ஜூன், இரவு 9.45

மே மாதம் விதியை மாற்றினார்கள் பூங்கொடி. லேசான அறிகுறி உள்ளவர்களுக்கு, அறிகுறி தொடங்கி 10 நாள் ஆகி, கடைசி மூன்று நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் அனுப்பிவிடலாம், மறுபடி பரிசோதனை தேவையில்லை. வீட்டுக்கு வந்து இன்னும் ஏழு நாள் ஒதுங்கி இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சீட்டு தருவார்கள், அதைக் காட்டினால் போதும். பழைய செத்த கிருமியின் துணுக்கு மூக்கில் வாரக்கணக்கில் இருக்கலாம், அதனால் பரிசோதனை பாசிட்டிவ் காட்டினாலும் அவரிடமிருந்து பரவும் என்று பொருள் இல்லை. மூன்றாவது வீட்டுக்காரரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், நம்பாவிட்டால் என்னோடு போனில் பேசச் சொல்லுங்கள், எண்ணைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

அந்த ஏழு நாளுக்கு இரண்டு கழிவறையில் ஒன்றை அவருக்கு மட்டும் என்று ஒதுக்க முடிந்தால் நல்லது. இல்லையென்றால் அவர் கடைசியாகப் போகட்டும், போய்விட்டுப் பிளீச்சிங் ஊற்றட்டும். அண்ணிக்கோ பிள்ளைகளுக்கோ அசதி, காய்ச்சல், மணம் தெரியாமல் போவது என்று எது வந்தாலும் அன்றே முகாமுக்குக் கூட்டிப்போங்கள். விரலில் மாட்டும் கருவி ஒன்று ஆறு வீடும் சேர்ந்து வாங்கி வையுங்கள். 94க்குக் கீழே காட்டினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், 108க்குப் போன் போடுங்கள்.

---

வண்ணைப் பூங்கொடி
30 ஜூன், இரவு 10.30

சரி அக்கா. கருவிக்கு வீட்டுக்கு எவ்வளவு என்று நாளைக் காலையில் பம்பிலேயே கேட்டுவிடுகிறேன். மூன்றாவது வீட்டுக்காரர் உங்களோடு பேச ஒத்துக்கொண்டார், இரவுப் பணி இல்லாத நாள் எது என்று சொல்லுங்கள்.